வெளித் தாழ்ப்பாள்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்ர்ர் என்று ஓர் இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, பிறகு டொக். இவ்வளவுதான். பகலில் கேட்டிருந்தால் யாரோ பீரோவைத் திறக்கிறார்கள் என்று விட்டிருப்பேன். இருட்டிய பிறகு, தெரு அடங்கிய பிறகு, பிள்ளையும் நானும் மட்டும் இருக்கிற வீட்டில், ஒவ்வொரு ராத்திரியும் கேட்டால் பீரோ என்று எப்படி நினைப்பது? அதுவும் எங்கள் வீட்டில் பீரோவே கிடையாது.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தடுப்பூசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மகள் மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், என் மகன் அதன் லேஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரருக்கு மில்லில் நைட் ஷிப்ட் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அப்ப ராத்திரியில தனியாவா இருக்கீங்க? பயமா இருக்காது?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். பெரிய வீராங்கனை மாதிரி ஒரு சிரிப்பு. அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார், அப்புறம் இரண்டு பிள்ளைகளும் போட்டி போட்டு அழுததில் பேச்சு விட்டுப்போயிற்று.

அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கான்வென்ட்டில் படித்தவளுக்கு இது ஒரு வியாதி. பொய் சொன்னாலும் உறுத்தும், சொல்லாமல் சிரித்தாலும் உறுத்தும். அதனால்தான் பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் முகம் நல்ல முகம். நடுவில் குறுக்கிட மாட்டீர்கள்.

பயம் எனக்குப் புதிதில்லை. பள்ளியில் கிறிஸ்துமஸ் லீவு விடுகிற அன்று சிஸ்டர் லூசினா ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுப்பார். பழைய வருஷத்தோடு ஒழிய வேண்டிய குணத்தை எழுதி, மடித்து, தோட்டத்தில் மூட்டியிருக்கிற மண்சட்டி நெருப்பில் போட வேண்டும். மற்றப் பிள்ளைகள் சோம்பல், கோபம், காப்பியடிப்பது என்று வருஷத்துக்கு ஒன்றாக மாற்றி எழுதினார்கள். நான் பள்ளியை விட்டு வெளியே வருகிற வரைக்கும் ஒரே வார்த்தைதான் எழுதினேன். பயம். எழுதிப் போட்டுவிட்டு, நெருப்பு சிஸ்டரின் அங்கியில் பிடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே நிற்பேன். எனக்கு வருஷாவருஷம் புது வருஷம் இப்படித்தான் பிறந்தது.

ஆனால் தாழ்ப்பாள் பயம் பள்ளியில் வந்ததில்லை. அது பிள்ளையோடு வந்தது.

பிரசவம் அம்மா வீட்டில், திருச்சியில். பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், அப்பா கடைக்கு. பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனேன், தாழ்ப்பாள் போட்டேன், கண் இருட்டியது. அவ்வளவுதான் தெரியும். விழித்தபோது கன்னம் ஈரத் தரையில் கிடந்தது. வெளியே பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தான். அம்மா கதவை இடித்துக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தித் திறக்கக்கூடத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்துதான் நெம்பினார்.

ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். தின்றேன், சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாயிற்று, அம்மாவுக்கு ஆகவில்லை. அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூப்பிட்டு அறைக்கதவுகளின் உள்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். அதற்குப் பிறகு பிள்ளையைப் பால் கொடுக்க மட்டும் என்னிடம் தருவார்கள். குடித்து முடித்ததும் சித்தி வந்து வாங்கிக்கொள்வாள், இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திரும்ப வாங்குகிற மாதிரி. "நீ ரெஸ்ட் எடும்மா" என்பாள். என் பிள்ளையை நான் வைத்துக்கொள்வதுதான் எனக்கு ரெஸ்ட் என்று அந்த வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

மார்கழியில் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது, தை பிறக்கட்டும் என்றாள் அம்மா. கார்த்திகைக் கடைசியிலேயே சண்டை போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டேன். சண்டை போடுகிற வரை தைரியமாகத்தான் இருந்தது. வந்த அன்று ராத்திரி அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பியதும், வாசல் கதவின் முன்னால் நின்றேன். உள்தாழ்ப்பாளில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

என் யோசனை இதுதான். திருடன் வந்தால் கழுத்துச் சங்கிலியைக் கேட்பான், கொடுத்துவிடலாம். ஆனால் நான் உள்ளே மயங்கிக் கிடந்து, பிள்ளை கதறி, ஒருவரும் உள்ளே வர முடியாமல் போனால்? மற்றப் பெண்கள் வெளியே இருப்பவனுக்குப் பயந்து கதவைப் பூட்டுகிறார்கள். நான் உள்ளே இருப்பவளுக்குப் பயந்து திறந்துபோட்டேன். நாடு முழுக்கப் பூட்டுக்குப் பேர் போன ஊர் இது. இங்கே தாழ்ப்பாள் போடாமல் படுக்கிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

அதற்காகத் திருடன் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கதவைச் சாத்தி, அதை ஒட்டி எவர்சில்வர் தட்டுகளை அடுக்கி, அதன்மேல் டம்ளர்களைக் கவிழ்த்துவைப்பேன். யாராவது தள்ளினால் சரிந்து சத்தம் கேட்கும். தலைமாட்டில் மிளகாய்ப்பொடி டப்பா. காப்பாற்ற வருகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், திருட வருகிறவன் முகத்தில் மிளகாய்ப்பொடி விழ வேண்டும். இரண்டு பேரையும் இருட்டில் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் முதலில் மாட்டியது செபமாலை அக்கா. எதிர்வீடு. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். ராத்திரி வெகுநேரம் வாசலில் உட்கார்ந்து கரண்டிகளை எண்ணுவாள், அண்டாவுக்குக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டுகிற ஆள். நான் வந்த புதிதில் ஒரு ராத்திரி, மீந்த பாயசத்தோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள், கதவு தானாகத் திறந்து, டம்ளர்கள் உருண்டு, பிள்ளை அலறி, நான் மிளகாய்ப்பொடியோடு ஓடிவந்து நின்றேன்.

"ஏ புள்ள, நான்தான். பாயசம்," என்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"என்னத்துக்கு மன்னிப்பு? கதவு ஏன் இப்பிடிக் கெடக்கு? தாழ்ப்பாப் போடலையா?"

சொன்னேன். குளியலறை, ஈரத் தரை, கடப்பாரை எல்லாம். சொல்லும்போது அழுகை வேறு வந்துவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டே கீழே கிடந்த டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினாள். அடுக்கும்போது பழக்கதோசத்தில் எண்ணினாள். "ஒண்ணு கொறையுது, கட்டிலுக்கடியில பாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. நெஞ்சில் ஈரமே இல்லாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

உள்ளறையில், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவில், பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருப்பேன். சர்ர்ர். டொக். எழுந்து போய்ப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். நான் பிள்ளையார் கும்பிடுகிற வீட்டுப் பெண், ஆனால் பயம் வந்தால் வாயில் வருவது சிஸ்டர் லூசினா சொல்லிக்கொடுத்த மாதா செபம்தான். அதையும் இங்கிலீஷில்தான் சொல்வேன். திண்டுக்கல் பேய்க்கு அது புரிந்ததோ என்னவோ, ஒரு தடவை டொக் என்றதோடு போய்விடும். விடியற்காலையில் திரும்ப வரும். அப்போது தலைகீழாக. முதலில் டொக், பிறகு சர்ர்ர். அது முடிந்த கையோடு அவர் கதவைத் தள்ளுவார், தட்டுகள் சரியும், பிள்ளை எழுந்துவிடுவான், எங்கள் வீட்டில் பொழுது விடியும். அவர் வருகிற நேரம் பார்த்துப் பேய் கிளம்பிப் போகிறது, பேய்க்கும் என் வீட்டுக்காரர் நந்தகோபாலைக் கண்டால் பயம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அவரிடம் சொன்னேன். "எலியா இருக்கும்," என்றார். "எலி டொக்குங்குமா?" என்றேன். "பெரிய எலி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

டிசம்பர் கடைசியில் அம்மா போன் பண்ணினாள்.

"புது வருசத்தன்னிக்குக் காலையில நானும் அப்பாவும் கார் எடுத்துக்கிட்டு வர்றோம். பையக் கட்டி வை."

"மார்கழியாச்சேம்மா."

"ஆபத்துக்குப் பாவமில்ல."

"இங்க என்ன ஆபத்து?"

"நீதான்டி ஆபத்து."

அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தியது என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு ரோசம் வந்தது. "முப்பத்தொண்ணாந் தேதி ராத்திரி இந்தத் தெருவுல ஒரு ஆள் இருக்காது, எல்லாரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருவாங்க. அவருக்கும் லீவு கிடையாது. அன்னிக்கு நான் ஒத்தையா இருந்து காட்டுறேன். இருந்துட்டா?"

"இருந்துட்டா நான் வந்து காப்பி குடிச்சுட்டுத் திரும்பிப் போறேன். முடியலன்னு ஒரு போன் வரட்டும், இல்ல எவ வீட்டுலயாவது போய் நின்னேன்னு கேள்விப்படட்டும், பிள்ளைக்கு ஒரு வயசாகுற வரைக்கும் என் வீட்டுலதான். இந்தப் பேச்சே கூடாது."

"சரி," என்றேன். போனை வைத்ததும் கணக்குப் போட்டேன். ஒரு வயசு வரைக்கும் என்றால் குப்புற விழுவது, தவழ்வது, பல் முளைப்பது எல்லாம் சித்தியின் இடுப்பில். நான் ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தொன்றாம் தேதி வந்தது. எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லாரும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம், தெருமுனையில் குடில். சாயங்காலமே அவர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "சமாளிச்சுருவியா தாரணி?"

"போங்க. நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"பயமாருந்தா..."

"ஒண்ணும் இருக்காது."

எதிர்வீட்டைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அக்கம்பக்கத்தில் மரியாதையாக நடந்துகொள்வார், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பூசைக்கு நேரமானபோது தெருவே புதுத்துணி சரசரக்கக் கிளம்பியது. செபமாலை அக்கா மாம்பழ மஞ்சள் பட்டில் வந்து நின்றாள்.

"கோயிலுக்கு வாரியா? பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா, நான் வச்சுக்கிறேன்."

"இல்லக்கா. நான் வீட்டுலதான் இருக்கணும்."

"தாழ்ப்பா?"

நான் பிள்ளையின் துண்டைச் சரிசெய்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. "சரி, படு," என்றாள். அவள் வீட்டுக்காரர் லாசர் அண்ணன் முன்னால் நடந்துகொண்டே, "வாரியா இல்ல அண்டா குண்டாவுக்குச் செபம் பண்றியா?" என்று குரல் கொடுத்தார். செருப்புச் சத்தங்கள் தேய்ந்துபோயின. தெரு இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டு அடுக்கினேன். டம்ளர் கவிழ்த்தேன். உள்ளே போய்ப் படுத்தேன். சர்ர்ர். டொக். அன்றைக்குப் பேய் சீக்கிரமே வந்துவிட்டது. அதோடு விடவில்லை, புதிதாக இன்னொரு சத்தமும் போட்டது. க்ளக். புது வருஷத்துக்குக் கூடுதல் போல.

எப்படியோ கண் அயர்ந்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி ஆரம்பித்தது, கூடவே தெருமுனையில் எவனோ ஆயிரம்வாலாவைப் பற்றவைத்துவிட்டான். பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வருஷம் பிறக்கிறது என்று எல்லாரும் கொண்டாடுகிறோம். சமீபத்தில் பிள்ளை பெற்றவளைக் கேளுங்கள், பிறக்கிறது என்பது அவ்வளவு அழகான காரியமில்லை. ரத்தமும் கூச்சலும்தான். முடிந்த பிறகுதான் ஸ்வீட்.

கண் இருட்டுவது போல இருந்தது. இதோ வரப்போகிறது, இதோ விழப்போகிறேன் என்று தோன்றியது. அம்மாவிடம் போட்ட சவால், ரோசம், ஒரு வயசு, எல்லாம் போயிற்று. பிள்ளையைப் பூந்துண்டில் சுற்றினேன். கோயிலுக்கு ஓடிவிடுவது என்று முடிவு. அங்கே இத்தனை பேர் இருப்பார்கள், நான் விழுந்தாலும் பிள்ளையை யாராவது பிடித்துக்கொள்வார்கள். இதைத்தான் நான் உங்களிடம் சிரித்து மறைத்தேன். நான் ஓடினேன். மிளகாய்ப்பொடிகூட எடுத்துக்கொள்ளாமல் ஓடினேன். தட்டுகளைக் காலால் ஒதுக்கிக் கதவைப் பிடித்து இழுத்தேன்.

திறக்கவில்லை.

மார்கழிப் பனியில் மரம் ஊதியிருக்கும் என்று இன்னொரு தடவை இழுத்தேன். ஆட்டினேன். வெளியே இரும்பு குலுங்கியது. அப்போதுதான் புரிந்தது, வெளித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. யாரோ என்னையும் பிள்ளையையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எதற்குப் பயந்து ஒவ்வொரு ராத்திரியும் கதவைத் திறந்துபோட்டேனோ அது நடந்துவிட்டது. ஓடவும் வழியில்லை.

கத்தலாம். தெருவில் யார் இருக்கிறார்கள்? இருந்தாலும், ஓடப் பார்த்தேன் என்று தெரிந்துபோகும். அவருக்குப் போன் பண்ணலாம், மில் ஷெட்டுக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். கையில் போன் அடித்தது. அம்மா.

"என்னடி, புது வருசம் பொறந்துருச்சு. எப்படி இருக்க?"

"நல்லா இருக்கோம்மா."

"பிள்ளை அழுறானே?"

"வெடிச் சத்தம்மா. இப்ப அடங்கிருவான்."

"வாசக் கதவெல்லாம் பூட்டிருக்கா?"

"நல்லாப் பூட்டிருக்கும்மா," என்றேன்.

கான்வென்ட் பிள்ளை, பொய் சொல்லவில்லை பாருங்கள்.

அம்மா "சரி," என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். வேறென்ன செய்வது? வெடி ஓய்ந்ததும் அவனும் ஓய்ந்தான். திரும்ப ஒரு தடவை சிணுங்கினான், தட்டிக்கொடுத்தேன். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது, எனக்கும் தெரிந்த பாட்டுதான், நானும் முணுமுணுத்தேன். விழுந்துவிடக் கூடாது, கண்ணை மூடக் கூடாது என்று சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லி நகரவே இல்லை.

பிறகு கண்ணை மூடியிருக்கிறேன்.

விழித்தபோது முதலில் தோன்றியது, போய்விட்டேன், மறுபடியும் போய்விட்டேன் என்றுதான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. மடியில் பிள்ளை. வாயோரம் பால் காய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, அவன் அப்பா மாதிரியே தூங்கினான். என் கை அவனைச் சுற்றி இறுகிக் கிடந்தது. தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். வெறும் தூக்கம். தூங்கின கை பிள்ளையை விடவில்லை.

அப்போது என் தலைக்குப் பக்கத்திலேயே கேட்டது. க்ளக். டொக். சர்ர்ர். கதவு என் முதுகைத் தள்ளியது.

"நகரு புள்ள. கதவ அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

எழுந்து கதவைத் திறந்தேன். செபமாலை அக்கா. கையில் பூட்டு. அம்மாவைத் தவிர என்னைவிடப் பெரிய ஒருத்தியிடம் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். "நீங்களாக்கா? தினமும் நீங்களா?"

"பின்ன? தெறந்த கதவு எதுத்தாப்புல கெடந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நீ உள்ள போட மாட்டேங்குற. நான் வெளிய போட்டேன்."

"நான் உள்ள விழுந்து கெடந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பிள்ளை சத்தம் கேட்டா எந்திரிச்சு வருவேன். எத்தன ராத்திரி வந்து வாசல்ல நின்னுட்டுப் போயிருக்கேன். நீ சமாதானம் பண்ணிருவ, நான் போயிருவேன்."

"இன்னிக்குப் பூட்டு எதுக்கு?"

"குடிச்சுட்டு வண்டியில திரியுறானுக. வெறுந் தாழ்ப்பாள எவனும் இழுத்துருவான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டை இத்தனை நாள் பூட்டியிருக்கிறாள். விடியற்காலையில் அவர் வருவதற்குக் கண்ணிமைக்கிற நேரம் முன்னால் வந்து திறந்துவிட்டும் போயிருக்கிறாள், அவர் கண்ணில் ஒரு நாளும் படாமல். என்ன சாமர்த்தியம்! அவர் பாவம், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வெளித் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தெரியாமலே அவளுக்கு வேலையைச் சுலபமாக்கியிருக்கிறார். அக்கா கையிலிருந்த பூட்டுகூட அவர் போன வாரம் வண்டிப் பெட்டிக்கென்று வாங்கிவந்த அதே மாதிரிப் பூட்டு, சாவியில் அதே பச்சைக் கயிறு. ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல. இன்றுவரை அவரிடம் இதைச் சொல்லவில்லை. தெரிந்தால் அக்காவிடம் சண்டைக்குப் போய்விடுவார்.

"பூசைக்குப் போறப்பவும் பூட்டிட்டா போவீங்க? தெருவுல ஆளே இல்லாதப்ப?" என்றேன்.

"பிள்ளை ரெண்டு தரந்தான அழுதான். பெரிய ஆளுதான்," என்றாள்.

கோபத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. "பூசையெல்லாம் நல்லா நடந்துச்சா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"நல்லாத்தான் நடந்துருக்கும்."

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வாசற்படியில் ஒரு கொசுவத்திச் சுருள் கடைசிவரைக்கும் எரிந்து, வளையம் கலையாமல் சாம்பலாகக் கிடந்தது. பக்கத்தில் அவள் கரண்டி எண்ணுகிற பலகை. மாம்பழ மஞ்சள் பட்டின் பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு, எங்கள் வாசல் சுவரில் சாய்ந்தால் ஒட்டுகிற அதே சுண்ணாம்பு.

தெருமுனையில் ஆட்கள் திரும்பிவருகிற சத்தம் கேட்டது. லாசர் அண்ணன் கேக் பொட்டலத்தோடு முன்னால் வந்தார். "செபமாலை, உனக்கும் சேத்து முழங்கால் போட்டுட்டேன். ரெண்டு பேரு பாரம், முட்டி வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

நான் கதவை ஆட்டியதும் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆளில்லாத தெருவில், கதவுக்கு அந்தப் பக்கம், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் கோயிலில் போய் நின்றிருப்பேன், விடிந்ததும் திருச்சிக்குப் போயிருப்பேன்.

"ஏன்க்கா தெறக்கல?" என்றேன்.

"நீ கூப்புடலையே," என்றாள். "கூப்ட்டிருந்தா தெறந்துருப்பேன்."

காலையில் அம்மா வந்தாள். காப்பி குடித்தாள். என் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். காலிப் பையை எடுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். படியிறங்கும்போது, "தைரியசாலிதான்டி நீ," என்றாள். நான் அதற்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் கணக்கில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. அந்த ராத்திரி, கேக் பொட்டலம் உள்ளே போன பிறகும் அக்கா நகரவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"போய்ப் படுங்கக்கா."

"கதவு?"

"சாத்திக்கிறேன்."

"சாத்துனா நான் திரும்ப வந்து போடணும். இப்பவே கால் மரத்துப் போச்சு."

"எனக்கு உள்ள ஏதாச்சும் ஆயிட்டா அக்கா?"

"இப்ப வரைக்கும் பூட்டித்தான கெடந்த. என்ன ஆச்சு?"

எத்தனையோ ராத்திரி, கதவு திறந்திருக்கிறது என்ற நிம்மதியில் நான் தூங்கியதெல்லாம் பூட்டின வீட்டில்தான்.

"அப்பிடியே ஆனாலும், காலையில நான் கூப்புடுவேன். சத்தம் வரலன்னா லாசரு கதவ ஒடைச்சுருவாரு. வாடகை வீட்டுக் கதவுதான, நமக்கென்ன."

பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தேன். கதவைச் சாத்தினேன். உள்தாழ்ப்பாளில் கை வைத்தேன். நான் பிரசவத்துக்குப் போனதிலிருந்து யாரும் போடாத தாழ்ப்பாள், பெயிண்ட் ஒட்டி இறுகிப்போயிருந்தது.

"என்ன, நிக்குற?" வெளியிலிருந்து அக்கா.

"நகர மாட்டேங்குதுக்கா."

"கதவ என் பக்கமா அழுத்திப் பிடி. பிடிச்சுக்கிட்டுத் தள்ளு."

தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தது.

"விழுந்துச்சா?"

"பாதி."

"பாதி போட்டா போடாத மாதிரி. தோளக் குடுத்துத் தள்ளு, தாரணி."

தோளைக் கொடுத்தேன். வெளியே அவளும் தன் பங்குக்குக் கதவை இழுத்துப்பிடிப்பது தெரிந்தது. சர்ர்ர் என்றது. இந்தத் தடவை என் உள்ளங்கைக்குள். பெயிண்ட் பொருக்கு காலில் உதிர்ந்தது. உள்ளறையில் பிள்ளை புரண்டான், அழவில்லை. நான் கையை எடுக்காமல் கடைசிவரைக்கும் தள்ளினேன்.

டொக்.